நானூற்றுப் பன்னிரண்டு பாட்டில் குடித்த அம்மாள்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, காலி பாட்டிலுக்குக் காசு கொடுக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றில் எது உயர்ந்தது என்ற சந்தேகமே வேண்டாம். நெருப்புக்கு ஒரு துறை இருக்கிறது, ஆனால் அது அணைப்பதற்கு. சக்கரத்துக்கு ஒரு துறை இருக்கிறது, அது வழிமறித்து அபராதம் போடுவதற்கு. சீராட்டிப் பாராட்டி வரவேற்பதற்கென்றே ஒரு துறை இருப்பது காலி பாட்டிலுக்கு மட்டும்தான். அந்தத் துறைக்குக் 'காலிக் கொள்கலன் மீட்பு மற்றும் மனமாற்றத் துறை' என்று பெயர்.

திட்டம் மிக எளிமையானது. கடையில் குளிர்பானம் வாங்கும்போது பாட்டிலுக்கென்று கொஞ்சம் முன்பணம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த முன்பணம் திரும்பக் கிடைக்கும். தகர டப்பாவுக்கும் அதே கதிதான். சின்னக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும் விஷயம் என்பதால், பெரியவர்களுக்கு விளக்கத் துறை மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

பேருந்து நிலையத்தை ஒட்டி, ஊருக்கே ஒன்றாக இருந்த மூன்றாம் எண் மீட்பு மையத்தின் கண்காணிப்பாளர் இந்தத் திட்டத்தை மனதார நம்பினார். துறையில் சம்பளத்தை நம்பியவர்கள் பலர், ஓய்வூதியத்தை நம்பியவர்கள் பலர். திட்டத்தை நம்பியவர் அவர் ஒருவர்தான். வீட்டில் சாப்பிடும்போதும் அவருக்குப் பாட்டில் பேச்சுதான். "காலியா இருக்கறதை எல்லாம் திருப்பி எடுத்துக்கறாங்கன்னா, உங்க தலையையும் ஒரு தடவை அந்த மெஷின்ல வச்சுப் பாருங்களேன்" என்று மனைவி சொல்வாள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்கு வீடு வாசற்படி என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கழுவி வைப்பார்.

மையத்தில் ஒரு கவுன்ட்டரும், கால் ஆடும் ஒரு மேசையும், பச்சை வண்ணத்தில் ஆளுயர இயந்திரம் ஒன்றும் இருந்தன. பாட்டிலை அதன் வாயில் வைத்தால் கடகடவென்று விழுங்கிவிட்டு, "நன்றி, பொறுப்புள்ள குடிமகனே" என்று சொல்லி ஒரு சீட்டைத் துப்பும். சீட்டைக் கவுன்ட்டரில் கொடுத்தால் காசு. முதல் ஆண்டிலேயே ஊரில் விற்ற பாட்டில்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று திரும்பி வந்தன. தெருக்கள் துடைத்து விட்டாற்போல் இருந்தன. சாக்கடைகள், தாங்கள் எதற்காகக் கட்டப்பட்டோம் என்பது நினைவுக்கு வந்து, ஓடத் தொடங்கின.

இந்த வெற்றியில் ஒரு பெருங்குறை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் துறையின் இயக்குநர். ஆண்டறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் 'திரும்பிய கொள்கலன்கள்', இரண்டாவதில் 'மனம் மாறிய குடிமக்கள்'. முதல் கட்டத்தைக் கண்காணிப்பாளர் பெருமையோடு நிரப்பியிருந்தார். இரண்டாவதை நிரப்ப, கவுன்ட்டருக்கு வந்தவர்களை ஒரு மாதம் எண்ணிப் பார்த்துவிட்டு, பதினான்கு என்று எழுதியிருந்தார். இயக்குநர் ஒரு சைபர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். பிறகு இரண்டு சைபர். பிறகு ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊருல பதினாலு பேரா?"

"தொண்ணூத்து மூணு சதவீதம் பாட்டில் திரும்பி வருது சார்."

"பாட்டில் திரும்பி என்னய்யா பிரயோஜனம், மனுஷன் திரும்பணும். நம்ம துறைப் பேர்ல மனமாற்றம்னு இருக்கு. எந்தப் பாட்டிலுக்கு மனசு மாறிச்சு, சொல்லு பாப்போம்."

 உண்மை இதுதான்: ஊர் ஜனங்கள் முன்பு எப்படிக் குடித்துவிட்டு எறிந்தார்களோ அப்படியேதான் இப்போதும் எறிந்தார்கள். சொல்லப்போனால் முன்பைவிடத் தாராளமாக எறிந்தார்கள், யாரோ ஏழை எடுத்துப் பிழைக்கட்டும் என்ற தர்ம சிந்தனையோடு. அந்த யாரோ ஏழைகள்தான் பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரின் பாரத்தில் பாதியைத் தனியாளாகச் சுமந்தவர் மூட்டையம்மா.

மூட்டையம்மாவுக்கு ஐம்பதை ஒட்டி வயது. மிதிக்க முடியாத ஒரு சைக்கிளின் இரண்டு பக்கமும் கோணிகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். ஊரில் யார் எங்கே எப்படி எறிவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். படம் பார்க்கப் போகிறவர்கள் இருக்கைக்கு அடியில் உருட்டி விடுவார்கள். காரில் போகிறவர்கள் வளைவு வந்ததும் கண்ணாடியை இறக்குவார்கள். அலுவலகக்காரர்கள் மட்டும் மரியாதை தெரிந்தவர்கள், மதில்மேல் வரிசையாக நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். இவற்றில் ஒரு சொட்டுக்கூட அவர் ருசி பார்த்ததில்லை, இனிப்பு பட்டால் பல் கூசும். ஒரு நாளைக்கு நானூறு முறை அந்த இயந்திரம் அவரைக் குடிமகனே என்று கூப்பிடும், அவரும் நானூறு முறை தலையாட்டுவார். வந்த காசில் மகளைச் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரை கொண்டுவந்திருந்தார். இன்னும் ஒரே ஆண்டு, பிறகு இந்தக் கோணியை மடித்து வைத்துவிடலாம் என்று கண்காணிப்பாளரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து 'மனமாற்ற மாநகர்' விருது அறிவிக்கப்பட்டது. எந்த ஊரில் குடித்தவரே தம் கையால் பாட்டிலைத் திருப்பித் தருகிறாரோ அந்த ஊருக்கு விருது. இயக்குநர் மூன்று நாள் சிந்தித்தார். நான்காம் நாள் பதினேழாம் எண் சுற்றறிக்கை வந்தது. இனி குடித்தவர் மட்டுமே கொடுக்கலாம். குடிக்காமல் கொடுப்பவர்கள் 'இடைத்தரகர்கள்'. ஒவ்வொரு பாட்டிலோடும் ஒன்பதாம் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். பானத்தின் பெயர், குடித்த இடம், குடித்த நேரம், சுவை, குடித்து முடித்தபோது தோன்றிய எண்ணம், கையொப்பம்.

மூட்டையம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர், அதுதான் வினையாகப் போயிற்று. முதல் படிவத்தை எச்சில் தொட்டுப் பிரித்து, பொறுமையாக நிரப்பினார். குடித்த இடம்: தெரியாது. எடுத்த இடம்: விளையாட்டரங்கு வடக்கு வாசல் சாக்கடை. சுவை: மோந்து பார்த்ததில் புளிப்பு. தோன்றிய எண்ணம்: இன்னும் நாலு கிடைத்தால் கோணி நிறையும்.

கண்காணிப்பாளர் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். சும்மா குடிச்சேன்னு எழுதிடுங்கம்மா, யார் பார்க்கப் போறா என்று தணிந்த குரலில் சொன்னார்.

"குடிக்காததைக் குடிச்சேன்னு எப்படிங்க எழுதறது? கையெழுத்து வேற கேக்குறீங்க. நாளைக்கு எம்பொண்ணு படிச்சுப் பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பா?"

அவருக்கு அந்த அம்மாளின் மேல் உண்மையான இரக்கம் இருந்தது. எனவே விதிகளை இரவல் கண்ணாடி போட்டுப் படிப்பவர்போல வரி வரியாகத் துழாவி, ஒரு வழியைக் கண்டுபிடித்தார். குடித்தவர் ஒரு அதிகாரக் கடிதம் தந்தால் அவர் சார்பாக வேறொருவர் கொடுக்கலாம். மூட்டையம்மா நம்பிப் போனார். மூன்று நாள், போக்குவரத்து விளக்கு வளைவில் பேனாவும் தாளுமாக நின்றார். ஒரு கார்க்காரர் டப்பாவை ஜன்னல் வழியே போட்டார். அதை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கையெழுத்துக் கேட்டதும், "எது, இதா? என்னோடது இல்லியே" என்றார் அவர். உறிஞ்சுகுழல் இன்னும் அவர் வாயிலேயே இருந்தது. அவரைக் குறை சொல்லக் கூடாது. 'நான் எறியமாட்டேன்' என்ற உறுதிமொழிப் பத்திரத்தில் ஊரே கையெழுத்திட்டிருந்தது. எறியாதவர் எப்படி எறிந்ததை ஒப்புக்கொள்வார்?

பொறுக்க ஆளில்லாமல், ஒரே மாதத்தில் ஊர் பாட்டில்களால் கலகலத்தது. நடந்தால் கலகல, வண்டி போனால் கலகல. மழை நீர் வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்தது. இயந்திரம் பட்டினி கிடந்தது. திரும்பி வந்தவை நூற்றுக்கு இரண்டு. ஆனால் கொண்டுவந்த ஒன்பது பேரும் தாங்களே குடித்தவர்கள் என்பதால், இரண்டாவது கட்டத்தில் கண்காணிப்பாளர் 'மனமாற்றம்: நூறு சதவீதம்' என்று எழுத வேண்டியதாயிற்று. இயக்குநர் முதல்முறையாக அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். துறையில் அவருக்கு நடந்த முதல் நல்ல காரியம் அது.

தெருவில் கிடப்பவற்றைப் பற்றி நாலு பேர் மனுக் கொடுத்தார்கள். இயக்குநர் அசரவில்லை. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் முன்பணம் இருக்கிறது, முன்பணம் இருந்தால் அது குப்பையாகாது, சொத்து. சொத்துக்கு உடையவர் இருப்பார், மனம் மாறியதும் வந்து எடுத்துக்கொள்வார் என்று விளக்கம் வெளியிட்டார். தெருவுக்குத் தெரு பலகை நட்டார்கள்: 'இது குப்பை அல்ல. உரிமையாளர் வருவார்.' பிறர் பாட்டிலை எடுப்பது திருட்டு என்று அறிவித்து, பலகைக்கு ஒரு காவலாளியும் போட்டார்கள். ஊர் வரலாற்றில் முதல்முறையாகக் குப்பைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது.

விருதுக்கான மதிப்பீட்டாளர் வரும் நாள் வந்தது. அவர் கறாரான அம்மாள். கையில் தடித்த குறிப்பேடு வைத்திருந்தார், சிரிக்க வேண்டியதை அதில் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார் போலிருந்தது. அவரை வரவேற்கக் காலையில் மாபெரும் விழிப்புணர்வு ஊர்வலம் நடந்தது. அலுவலர்கள், வணிகர்கள், குடியிருப்போர் சங்கத்தார் என்று எல்லோரும் 'எறியாதே' என்று முழங்கியபடி இரண்டு மணி நேரம் வெயிலில் நடந்தார்கள். முழங்கினால் தொண்டை வறளும். துறையே ஆளுக்கொரு பாட்டில் ஆரஞ்சுப் பானம் வழங்கியது. ஊர்வலம் துறையின் வாசலில் முடிந்து, எல்லோரும் மதிப்பீட்டுக் கூட்டத்துக்காக மண்டபத்துக்குள் போனபோது, வாசல் தெரு முழுக்க ஆரஞ்சு நிறமாக இருந்தது.

மூட்டையம்மா எதிர்ச்சாரியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாக நோட்டீஸ் வந்திருந்தது. பலகையைப் படித்தார். உரிமையாளர்கள் வருகிறார்களா என்று அரை மணி நேரம் நியாயமாகக் காத்திருந்தார். பிறகு குனிந்தார். ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கோணியில் போட்டு முடிச்சுப் போட்ட நேரத்தில் காவலாளி அவர் கையைப் பிடித்தான்.

இப்படித்தான் மூட்டையம்மா இரண்டு கோணிகளோடு மண்டபத்தின் நடுவே கொண்டுவந்து நிறுத்தப்பட்டார். எண்ணினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு. இயக்குநருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மக்கள் சொத்தை எவ்வளவு விழிப்பாகக் காக்கிறோம் என்று மதிப்பீட்டாளருக்குக் கண்ணால் காட்டப் பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போல் ஒரு வாய்ப்பு. திருட்டு வழக்கு, காவல் நிலையம், சிறை என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மதிப்பீட்டாளர் குறிப்பேட்டிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: "திருட்டுன்னா பறிகொடுத்தவங்க இருக்கணுமே. இதெல்லாம் யாரோட பாட்டில்?"

மண்டபத்தில் நானூற்றுச் சொச்சம் பேர் இருந்தார்கள். அத்தனை பேருடைய உதட்டிலும் ஆரஞ்சு நிறம் லேசாக ஒட்டியிருந்தது.  சிலர் மின்விசிறியைப் பார்த்தார்கள். சிலர் செருப்பைப் பார்த்தார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். என்னுடையது என்று ஒருவர் சொன்னால் திருட்டு உறுதியாகும், ஆனால் தெருவில் எறிந்ததும் உறுதியாகும். சொல்லாவிட்டால் இந்த அம்மாள் எதைத் திருடினார் என்ற கேள்வி நிற்கும்.  விருது இயக்குநரின் கண்ணெதிரே எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தது.

 அந்தக் கோணிகளில் இருந்த பாட்டில்களில் ஒன்று கண்காணிப்பாளருடையது. வாசல் மரத்தடியில், யாரும் பார்க்காதபோது, அவர்தான் வைத்துவிட்டு வந்தார். எழுந்து நின்று என்னுடையதுதான், நான்தான் இந்த அம்மாவை எடுத்துக்கொள்ளச் சொன்னேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்தார் என்பது சத்தியமான உண்மை, அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். ஆனால் எழுந்து நிற்பது துறையில் அவருக்குப் பழக்கமில்லாத காரியம். எழுந்திருக்க வராதபோது, குனிவது சுலபமாக வந்தது. குனிந்தபடியே போய், கோணிகளின் பக்கத்தில் குந்தியிருந்த மூட்டையம்மாவின் காதில் சொன்னார்:

"நீங்களே குடிச்சதா சொல்லிடுங்கம்மா. உங்க பாட்டிலை நீங்க எடுத்தா திருட்டு இல்ல. முன்பணமும் கைக்கு வந்துரும், பொண்ணுக்குக் கட்டிடலாம். படிவத்தை நானே நிரப்பித் தரேன்."

"பொய்யாச்சேங்க."

"ஒரே ஒரு பொய்தானம்மா."

"நானூத்திப் பன்னெண்டுங்க."

கண்காணிப்பாளர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூட்டையம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஊரில், மையத்துக்குப் போகும்போதெல்லாம் தம்மை உட்காரச் சொன்ன ஒரே ஆள், நல்லதுக்குத்தான் சொல்வார் என்று நினைத்திருக்க வேண்டும். கோணியின் மேலிருந்து கையை எடுத்துவிட்டு மண்டபத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாந்தாங்க குடிச்சேன்."

"எல்லாத்தையுமா?" என்றார் மதிப்பீட்டாளர்.

"தாகமா இருந்துச்சுங்க."

மண்டபம் மூச்சு விட்டது. யாரோ கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். இயக்குநர் பெருந்தன்மையோடு திருட்டுக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கண்காணிப்பாளர் ஒன்பதாம் படிவத்தில் விறுவிறுவென்று எழுதினார். சுவை: நன்று. தோன்றிய எண்ணம்: நிறைவு. மூட்டையம்மா கையெழுத்திட்டார். கண்காணிப்பாளர் அவரைப் பார்க்காமல் மை ஒற்றினார்.

மதிப்பீட்டாளர் நேர்மையானவர். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"குடிச்சது நீங்க. கெடந்தது தெருவுல. அப்போ எறிஞ்சதும் நீங்கதானே?"

  நானூறு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே நல்ல எண்ணம் தோன்றியது. இயக்குநர் மெல்ல எழுந்து, மற்றத் தெருக்களில் கிடப்பதைப் பற்றியும் இந்த அம்மாளிடமே கேட்டுவிடலாமே என்று பணிவோடு ஆலோசனை சொன்னார். ஒரே காலையில் நானூற்றுப் பன்னிரண்டு குடிக்கக்கூடியவர் ஒரு மாதத்தில் எவ்வளவு குடிப்பார் என்பது சாதாரணப் பெருக்கல். குடியிருப்போர் சங்கத் தலைவர், எங்கள் தெருவில் இவரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், கையில் எப்போதும் பாட்டில் இருக்கும் என்று சாட்சி சொன்னார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

மூட்டையம்மா கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் படிவத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் அங்கேயே வழங்கிய தீர்ப்பில் கருணை குறைவின்றி இருந்தது. ஊரை அசுத்தம் செய்ததற்கான அபராதத்தை மூட்டையம்மாவால் ஏழு பிறவிக்கும் கட்ட முடியாது. எனவே நானூற்றுப் பன்னிரண்டு பாட்டிலின் முன்பணம் அதில் கழித்துக்கொள்ளப்பட்டது. மீதிக்குப் பதிலாக, ஓராண்டுக்கு ஊரின் எல்லாத் தெருக்களிலும் 'தாம் எறிந்த' பாட்டில்களைத் தாமே பொறுக்கி, காசு கேட்காமல் மையத்தில் ஒப்படைக்க வேண்டும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் ஒரே கோணியில் கட்டி ஒருவரிடமே கொடுத்த நிர்வாகத் திறமையை வேறெங்கும் காண முடியாது.

வெளியே போகும்போது மூட்டையம்மா வாசலில் நின்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் கண்காணிப்பாளருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளையிலேருந்து நான் எத்தனை குடிச்சதா எழுதணுங்க?"

"கெடைக்கறதை எல்லாம் எழுதிடுங்கம்மா" என்றார் அவர்.

நான்கே நாளில் தெருக்கள் பளிச்சென்று ஆயின. பலகைகளைப் பிடுங்கி அடுக்கி வைத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பாட்டில்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றோடும் குடித்தவரின் கையெழுத்திட்ட படிவம் இருந்ததால் விருதும் வந்தது. துறைக்கு முன்பணம் மிச்சம், ஊருக்கு மானம் மிச்சம். கண்காணிப்பாளர் வருந்தினார், அதை மறைக்க வேண்டியதில்லை. மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று நீங்க எந்திரிச்சிருக்கணும் என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள், அதன் பிறகு அவரைக் கேலி செய்வதையே விட்டுவிட்டாள். அது அவருக்கு மிகவும் வலித்தது. நான்காவது வாரம் இணை இயக்குநர் பதவி உயர்வு ஆணை வந்தது, பசியும் வந்தது.

இப்போதெல்லாம் மையத்துக்குச் சைக்கிள் ஒன்றுக்குப் பதில் இரண்டாக வருகிறது. இரண்டாவதைத் தள்ளிக்கொண்டு வருவது மகள். கல்லூரிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை, அதனால் பகல் முழுவதும் அவளுக்கு நேரம் இருக்கிறது. தாய் எழுதிக் கொடுக்கும் படிவங்களைக் கவுன்ட்டரில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறாள்.  இதை 'இளைய தலைமுறையின் தன்னார்வப் பங்களிப்பு' என்ற தலைப்பில் ஆண்டறிக்கையில் சேர்த்திருக்கிறார்கள், புகைப்படத்தோடு.

அந்த அறிக்கையை எழுதியவர் புதிய இணை இயக்குநர்தான். அழகான தமிழ், ஒரு பிழை கிடையாது. அதன் கடைசிப் பக்கம் இப்படி முடிகிறது: 'நகரின் மக்கள்தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். இவர்களில் காலி பாட்டிலைத் தெருவில் எறியும் பழக்கமுள்ளவர்: ஒருவர். அடுத்த ஆண்டுக்குள் அவரும் இல்லாமல் செய்யப்படுவார்.'